பழம் போட்டு வைக்கிற சட்டி

நாயுடுபுரம்,
10 நவம்பர் 2025

என் தங்க மகள் ரெஜினாவுக்கு அம்மா முத்தங்களோடு எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் சுகம், அங்கே நீயும் சளி காய்ச்சல் அண்டாமல் சுகமாயிருக்க தினமும் உனக்கென்று தனியாக ஒரு ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் முழங்கால் மட்டும் சுகமில்லை, அது நவம்பர் மழைக்கு வருஷம் தவறாமல் வந்து தங்கிவிட்டுப் போகிற விருந்தாளி, அதற்காக நீ ஜெர்மனியிலிருந்து மாத்திரைப் பெயர்களாக அனுப்பிக்கொண்டிருக்க வேண்டாம். பார்சலைப் பிரித்த கையோடு இந்தக் கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் படி. படித்து முடிக்கிற வரை உள்ளே இருக்கிற எதையும் யாருக்கும் எடுத்துக் கொடுத்துவிடாதே. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே டிபன் பாக்ஸை மூடியோடு தானம் செய்துவிட்டு வெறுங்கையோடு வந்தவள் நீ, அதனால்தான் முதல் வரியிலேயே எச்சரிக்கிறேன்.

இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். நீ ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது உன் அப்பா வீட்டில் இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய், எனக்கு எதிர் நாற்காலியில்தான் இருக்கிறார். முகத்துக்கு நேராகப் பேப்பரை விரித்துக்கொண்டு டி.வி. சத்தத்தைப் பைய பையக் குறைப்பார், நீ சாப்பிட்டீங்களா என்று கேட்கிற நேரத்துக்கு டி.வி.யில் ஊமைப் படம்தான் ஓடும். போன வாரம் நீ பேசிய அரை மணி நேரமும் ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார், அப்புறம் எடுத்துப் பார்த்தால் அந்தப் பக்கம் முழுக்க டெண்டர் விளம்பரம். வாட்ஸப்பில் பேசி அனுப்பலாம் என்றால் என் போனை என்னைவிட அவர்தான் நன்றாக ஓட்டுகிறார், எனக்கு வருகிற குட்மார்னிங்கைக்கூட அவர் பார்த்த பிறகுதான் நான் பார்க்கிறேன். அதனால் அவர் ஒட்டுகிற டேப் தீர்ந்துபோய்விட்டது என்று மூஞ்சிக்கல் வரை கடைக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து இதை எழுதுகிறேன், வழியில் நான்கு பேரைப் பார்த்துப் பேசிவிட்டுத்தான் வருவார்.

அவர் உன்னோடு பேசி ஒரு வருஷம் எட்டு மாதம் ஆகிவிட்டது. நீ கணக்கு வைத்திருக்கிறாயோ என்னவோ, நான் வைத்திருக்கிறேன். தான் இருபத்தொன்பது வருஷம் பஸ் ஓட்டிய ஸ்கூலிலேயே உனக்கு நர்ஸ் வேலை வேண்டுமென்று பிரின்சிபால் முன்னால் போய் நின்று கேட்டு வாங்கி வந்தார், வாழ்க்கையில் அவர் யாரிடமும் எதையும் கேட்டு நின்றது அந்த ஒரு தடவைதான். நீ ஜெர்மனி ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு, குண்டுச்சட்டிக்குள்ளேயே குதிரை ஓட்டச் சொல்கிறீர்களா என்று கேட்டுவிட்டாய். வத்தலக்குண்டு வரைக்கும் வந்து உன் பெட்டியை மதுரை பஸ்ஸில் ஏற்றி இறுக்கிக் கட்டிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் டீக்கடைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாரே, அதுதான் கடைசி. யார் மேல் தப்பு என்று பஞ்சாயத்துப் பண்ண நான் வரவில்லை, உங்கள் இரண்டு பேர் மண்டையும் ஒரே அச்சில் வார்த்தது. ஆனால் இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரியாக இருந்து எனக்கு அலுத்துவிட்டது மகளே, மனதைத் திறந்து சொல்கிறேன், அழுகையும் வருகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் வார்டில் கூட வேலை பார்க்கிற ஆறு பேருக்குக் கிறிஸ்துமஸ் பரிசு வேண்டும், நம் ஊரிலேயே கையால் செய்ததாக இருக்க வேண்டும், சாக்லேட் வேண்டாம், தைலம் வேண்டவே வேண்டாம் என்று ஆகஸ்டில் சொன்னாயே. தைலம் வேண்டாம் என்றதில் நியாயம் இருக்கிறது, போன தடவை பாட்டில் உடைந்து உன் வீட்டுக்காரம்மா மூன்று நாள் ஜன்னலைத் திறந்து போட்டதை நானும் மறக்கவில்லை. நான் முழங்காலைத் தூக்கிக்கொண்டு ஏரியைச் சுற்றி எல்லாக் கடையும் ஏறி இறங்கினேன். கம்பளிக் குல்லா எந்த ஊரில் பின்னியது என்று கேட்டால் கடைக்காரர் தலையைச் சொறிகிறார், கொடைக்கானல் என்று எழுதின சாவிக்கொத்தைத் திருப்பினால் முதுகில் வேறு ஊர் பெயர். அலுத்துப்போய் வீட்டுக்கு வந்து முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன், உன் அப்பா ஷூவுக்குப் பாலீஷ் போட்டபடி சுவரைப் பார்த்து, இந்தத் தெருவுக்குப் பின்னாலேயே மண் கப்பு செய்கிறார்கள், கண் தெரியாமல் சிலபேர் ஏரியைச் சுற்றுகிறார்கள் என்றார். யாருக்கு வேண்டுமாம் என்று நானும் சுவரிடமே கேட்டேன், ஜெர்மன்காரிக்கு என்றது சுவர். இப்போது உன் பெயர் இந்த வீட்டில் அதுதான்.

அவர் சொன்னது ரம்யாவின் பட்டறை. உனக்குத் தெரியாது, நீ போன பிறகுதான் வந்தது. ரம்யாவுக்கு உன் வயதுதான் இருக்கும், மண்ணைச் சக்கரத்தில் வைத்துக் கப்பு, தட்டு, கூஜா என்று வனைந்து, மேலே கண்ணாடி மாதிரி மினுங்குகிற பூச்சுக் கொடுத்து, கேஸ் சூளையில் வைத்துச் சுடுகிறாள். டூரிஸ்ட்டுகள் வரிசையில் நின்று வாங்கிப்போகிறார்கள். அங்கே சக்கரத்து மோட்டாரில் ஏதோ கரகரப்பு என்று ஜூலையில் பார்க்கப் போனவர் உன் அப்பா, அதோடு அங்கேயே ஒட்டிக்கொண்டார். அது எனக்குத் தெரியாது. என்னிடம் வாக்கிங் போகிறேன் என்று சொல்லிவிட்டு வெள்ளனே கிளம்புவார், திரும்பி வரும்போது பேண்ட் முழுக்கச் சேறு காய்ந்து கிடக்கும். பக்கத்து வீட்டு முருகம்மாள் வந்து, அண்ணன் எங்கேயோ கட்டட வேலைக்குப் போகிறாப்போல இருக்கிறதே, இந்த வயதில் எதற்கு அக்கா என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டாள். நானும் அப்படித்தான் நினைத்து அவருக்கு முதுகுக்குத் தடவ எண்ணெய் காய்ச்சி வைத்தேன்.

செப்டம்பர் கடைசியில் பீரோ மேல் தூசி தட்டும்போது துண்டில் சுற்றின ஒரு சட்டி கிடைத்தது. அகலமாக, வாய் விரிந்து, ஏரிமேல் மூடுபனி விலகும்போது தண்ணீருக்கு வருகிற அந்த நிறத்தில். எங்கள் கல்யாண நாள் வருகிறதே, அதற்காக மனுஷன் வாங்கி ஒளித்து வைத்திருக்கிறார் என்று நினைத்து எனக்கு வெட்கமே வந்துவிட்டது. முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் பரிசு, அதுவும் மீன்குழம்புச் சட்டி. நான் அய்யம்பாளையத்துக்காரி, எனக்கா சட்டி பழக்கச் சொல்லித்தர வேண்டும். எங்கள் ஊரில் புதுச் சட்டி வாங்கினால் மூன்று நாள் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி ஊற வைத்து, நல்லெண்ணெய் தடவி, சிறு தீயில் ஏற்றிப் பழக்கிய பிறகுதான் குழம்பு வைப்போம். அந்த முறைப்படி எல்லாம் செய்தேன். மூன்று நாளும் அவர் பார்க்காதபடி சிங்குக்குக் கீழே ஒளித்து வைத்திருந்தேன், திடீரென்று மீன்குழம்போடு கொண்டுபோய் முன்னால் வைக்க வேண்டுமென்று ஆசை. மினுமினுப்பைப் பார்த்தாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், புது மாடல் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். அடுப்பில் வைத்து ஐந்து நிமிஷம்கூட இருக்காது, படீரென்று ஒரு சத்தம், சட்டி இரண்டாகப் பிளந்து கிடக்கிறது.

பாதி முகத்தில் சோப்பு நுரையோடு உன் அப்பா ஓடி வந்தார். கத்தியிருந்தால்கூட நானும் பதிலுக்குக் கத்தி மனதை ஆற்றியிருப்பேன். அவர் கத்தவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, துணி போட்டு இரண்டு துண்டையும் எடுத்துத் தரையில் வைத்து, அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அப்புறம் சொன்னார், "இது சமைக்கிற சட்டி இல்ல கித்தேரி. அவ பழம் போட்டு வைக்கிறதுக்கு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை, பிறகு புரிந்தது. உன் ரூமில் பழம் வைக்கக்கூட ஒரு பாத்திரம் இல்லை, ஆப்பிள் எல்லாம் பிளாஸ்டிக் பையிலேயே கிடக்கிறது என்று அதே ஆகஸ்டில் போனில் சும்மா சொன்னாய். நானே அதை மறந்துவிட்டேன். டெண்டர் விளம்பரத்துக்குப் பின்னால் இருந்தவர் மறக்கவில்லை. நுரை காய்ந்த முகத்தோடு தரையில் உட்கார்ந்திருந்த அந்த மனுஷனுக்கு ஒரு ஈரத்துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் நான் துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு, ஒட்டித் தர முடியுமா என்று ரம்யாவிடம் போனேன். அவள் நான் சொன்ன கதையைக் கேட்டு, அரிசித் தண்ணீர் என்ற இடத்தில் சிரிக்க ஆரம்பித்து, எண்ணெய் வந்தபோது ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள், சிரித்து முடித்தபின் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அது அங்கிள் செய்த பதினேழாவது சட்டியாம். முதல் பதினாறும் சக்கரத்திலேயே சரிந்ததும் சூளையில் வெடித்ததுமாகப் போய், அது ஒன்றுதான் தேறியதாம். எவ்வளவு நன்றாக வந்திருந்தது, அவரிடம் நான் ஒரு வார்த்தை பாராட்டிச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மனதில் வைத்துக்கொள். "சூப்பர்னு மட்டும் சொல்லிறாதீங்க ஆன்ட்டி, எந்திரிச்சுப் போயிருவாரு. கோணலா இருக்குன்னு சொல்லுங்க, பொழுது சாயிற வரைக்கும் பேசுவாரு." அது உண்மைதான் ரெஜி. ரிட்டையர் ஆன அன்றைக்கு மாலை போட்டு ஸ்கூலே புகழ்ந்தபோது மைக்கைப் பிடித்து சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கினவர் அவர். அதே ஆள், பிரேக்கில் ஏதோ சத்தம் வருகிறது என்று ஒரு டீச்சர் வாய் தவறிச் சொல்லிவிட்டார் என்று, அந்த அம்மாவைப் பஸ்ஸுக்கு அடியில் குனிந்து பார்க்க வைத்து ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தது உனக்கு நினைவிருக்கும்.

அவர் மறுபடி ஒரு சட்டி செய்தார், இப்போது ஒளித்துச் செய்யவில்லை. பட்டறையில் சூளை நிறைந்தால்தான் தீ வைப்பார்கள், மாதம் ஒரு தடவை, இவர் போய் நின்று நச்சரித்ததில் ரம்யா பத்து நாள் முன்னாலேயே வைத்துவிட்டாள். வெளியே எடுத்தால் வாய் ஒரு பக்கம் சற்று இறங்கியிருக்கிறது, பூச்சில் முக்கும்போது அவர் பிடித்த இடத்தில் கட்டைவிரல் அகலத்துக்குப் பூச்சே பிடிக்கவில்லை, மண் அப்படியே தெரிகிறது. எனக்கு அந்த இடம்தான் பிடித்திருக்கிறது. அவர், இதை மனுஷர் பார்க்க அனுப்ப முடியாது, முருகம்மாள் கோழிக்குத் தண்ணீர் வைக்கட்டும் என்று வெளியே எடுத்து வைத்துவிட்டார். நான் கோழிக்கு முன்னால் முந்திக்கொண்டேன். ரம்யாவிடம் வாங்கின ஆறு கப்பையும் நேற்று ராத்திரி அவரே வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்கிவிட்டார், டேப் மட்டும்தான் பாக்கி. இப்போது பெட்டியைத் திறந்து, கப்புகளை நெருக்கித் தள்ளி, எப்படியாவது சட்டியை உள்ளே நுழைத்து, இந்தக் கடிதத்தையும் அதற்குள் வைத்துவிட வேண்டும். கொஞ்சம் பொறு, வைத்துவிட்டு வந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

வந்துவிட்டேன். அவர் வருவதற்குள் அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் நீயும் அப்பா மாதிரி சண்டைக்கு வராதே. ஒரு கப்பைக்கூட நான் தள்ள வேண்டியிருக்கவில்லை. ஆறையும் பெட்டியின் ஓரங்களில் சுற்றி அடுக்கி, நடுவில் வட்டமாக இடம் விட்டிருக்கிறார், அடியில் தனியாக வைக்கோல் வேறு விரித்து. சட்டியை வைத்தேன், அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. இருபத்தொன்பது வருஷம் பஸ் மேல் பெட்டி ஏற்றியவர், ஒரு தீப்பெட்டி நுழைகிற சந்துகூட விடாத ஆள், அவர் ஏன் இவ்வளவு பெரிய இடத்தை விடுகிறார். அது மட்டுமில்லை, வைக்கோலைச் சரிசெய்யும்போது பெட்டிக்குப் பின்னால் என்ன உருண்டது தெரியுமா, பிரிக்காத புது டேப் ஒன்று. நான்தான் பெரிய கள்ளி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகையால் மகளே, கப்புகளை ஆறு பேருக்கும் சந்தோஷமாகக் கொடு, சட்டியை யார் கேட்டாலும் கொடுக்காதே. அடுப்பில் வைக்காதே, அரிசித் தண்ணீர் ஊற்றாதே, நம் குடும்பத்தில் ஒருத்தி செய்தது போதும். காலுறை போடாமல் தரையில் நடக்காதே, தலைக்கு எண்ணெய் வை, நைட் டூட்டி முடிந்து வந்ததும் வெறும் வயிற்றோடு படுக்காதே. மலைப்பூண்டு ஒரு பொட்டலம் மூலையில் வைத்திருக்கிறேன், கஸ்டம்ஸ்காரர் முகர்ந்து பார்க்காமல் இருக்க நீயும் வேண்டிக்கொள். மாதா உன்னைத் தன் போர்வைக்குள் வைத்துக் காப்பாராக, கிறிஸ்துமஸ் அன்று உன் மேஜையும் மனதும் நிறைந்திருக்கட்டும்.

கடைசியாக ஒன்று, இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். பார்சல் வந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது என்னிடம் பேசாதே, போனை அப்பாவிடம் கொடுங்கள் என்று சொல். நன்றி சொல்லாதே, அழகாக இருக்கிறது என்று வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதே, சரி என்று சொல்லிப் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார். சட்டி மேஜையில் ஆடுகிறது அப்பா என்று சொல். அது ஆடாது, மூன்று நாள் உப்புக்காகிதம் போட்டு அடியைத் தேய்த்திருக்கிறார், நானும் நம் சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பார்த்துவிட்டேன், மலை மாதிரி நிற்கிறது. உன் மேஜைதான் கோணல் என்பார், ஒப்புக்கொள்ளாதே. எந்தப் பக்கம் ஆடுகிறது, எத்தனை பழம் வைத்தாய், வீடியோவில் காட்டு என்று கேட்டுக்கொண்டே போவார், நீயும் விடாதே. அந்தப் பொய்க்கு இங்கே நான் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துகொள்கிறேன். கேட் சத்தம் கேட்கிறது, வந்துவிட்டார். மறக்காதே, ஆடுகிறது.

இப்படிக்கு,
உன் அம்மா,
சி. கித்தேரியம்மாள்