ஓலையில் என் பெயர்

ஜூலை 6, ஞாயிறு

விடியும்போதே சாரல். குடையை மறந்துவிட்டு, குத்துக்கல்வலசையிலிருந்து ஆலயம் வரை நனைந்தே போனேன். கடைசி பெஞ்சு, தூண் ஓரம். வழக்கமான இடம்.

குடிக்காத நாள் 1127. குடியை விட்டவர்களின் சனிக்கிழமைக் கூட்டத்தில் தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இனி 'குடி இல்லை' என்பதற்குக் கு.இ. என்று போட்டால் போதும்.

பாட்டு முடிந்து அறிவிப்புகள். வெள்ளி ஜெபக்கூட்டம், பெண்கள் ஐக்கியம், யாரோ மறந்துபோன ஒரு குடை. பிறகு கல்யாண ஓலை. மூன்று ஞாயிறு சபையில் வாசித்து, யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லலாம் என்று கேட்பார்களே, அது. எனக்கு என்ன வந்தது என்று ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை நம் சபை ஆல்வின். மருந்துக்கடை வீட்டுப் பையன். பெண், பாளையங்கோட்டை, காலஞ்சென்ற ஞானதுரை, கிரேஸ் ஆகியோரின் மகள் பியூலா.

காலஞ்சென்ற.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஞானதுரை என்ற பெயரில் இந்தப் பக்கம் எத்தனையோ பேர். ஆனால் பாளையங்கோட்டை, கிரேஸ், பியூலா, மூன்றும் சேர்ந்து வேறு எந்த ஞானதுரைக்கும் இருக்காது.

தடை உண்டா என்று போதகர் கேட்டார். பின்னால் ஒரு குழந்தை தும்மியது. அவ்வளவுதான்.

மதியம் அருவிக்குப் போய்விட்டேன். ஞாயிற்றுக் கூட்டம். தலை 14, முழு உடம்பு 5. செத்த ஆள் பத்தொன்பது பேருக்கு எண்ணெய் தேய்த்திருக்கிறான்.

பக்கத்தில் துண்டு, சோப்பு விற்கும் காதர் பாய் கேட்டார். "என்னவே, பேயடிச்ச மாதிரி இருக்கீரு?"

"தூக்கமில்ல பாய்."


ஜூலை 7, திங்கள்

கு.இ. 1128. சாரல் இல்லை. வெயில் இல்லாத வெக்கை.

கோபம் வருமென்று பார்த்தேன். வரவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

நான் செய்தவை:
கிரேஸின் இடது கையை முறுக்கி ஒடித்தேன். மாவுக்கட்டோடு மூன்று வாரம் சமைத்தாள்.
பியூலா பத்தாம் வகுப்பில் பரிசு வாங்கிய நாளில், குடித்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வரிசையில் நின்ற பிள்ளைகள் மேல் விழுந்தேன். அவள் பரிசைக் கீழே வைத்துவிட்டு ஓடிவிட்டாள்.
இன்னும் இருக்கிறது. கை ஓடவில்லை.

அந்த வருஷமே இருவரும் பாளையங்கோட்டைக்குப் போய்விட்டார்கள். பத்து வருஷம். வேன் ஓட்டும் வேலை போனது. பிறகு இங்கே எண்ணெய், பலகை, துண்டு. குடியை விட்ட பிறகு இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. மூன்றாவது எழுதி, போடவில்லை.

பதில் இல்லாததை நான் மௌனம் என்று நினைத்திருந்தேன். அங்கே எனக்கு அடக்கமே முடிந்திருக்கிறது.

செருப்பு வார் அறுந்தது. தைக்கணும்.


ஜூலை 9, புதன்

இதை எழுதாமல் விடலாம். எழுதுகிறேன்.

பத்து மணிக்கு வேலைக்கு என்று கிளம்பியவன் செங்கோட்டை பஸ்ஸில் ஏறிவிட்டேன். அங்கிருந்து புளியறை. வேன் ஓட்டிய காலத்தில் பழகிய ரோடு. அங்கே என்னை யாருக்கும் தெரியாது, அதற்காகத்தான்.

சோதனைச்சாவடிக்கு முன்னால் லாரிகள் வரிசையாக நின்றன. ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தேன். எதிரே இரண்டு டிரைவர்கள். ஒருவர் போனில், "ஏட்டி, அப்பா ராத்திரி வந்துருவேன், அம்மாட்ட போனைக் குடு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். பிள்ளை கொடுக்கவில்லை போலிருக்கிறது. "சரி சரி, நீயே பேசு" என்று சிரித்தார்.

செத்தவன் குடித்தால் யாருக்கு என்ன என்று தோன்றியது. உண்மையில் தோன்றியது. மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜெபம் என்று சொல்ல முடியாது. ஆண்டவரே, ஆண்டவரே, அவ்வளவுதான். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கடைக்காரர் வந்து, "டீயா, சாப்பாடா?" என்றார். டீ என்றேன்.

டீ குடித்தேன். பஸ் ஏறினேன். கு.இ. 1130.


ஜூலை 11, வெள்ளி

செருப்பு தைத்தாச்சு. பல்வலி. அருவியில் மிதமான தண்ணீர்.

ஒரு அப்பாவும் ஏழெட்டு வயசுப் பெண் பிள்ளையும். பிள்ளை தண்ணீருக்குப் பயந்து அழுதாள். அவர் இடுப்பில் தூக்கிக்கொண்டார். "கண்ண மூடிக்க, அப்பா பிடிச்சிருக்கேன்லா." பியூலாவை நான் ஒருமுறையாவது இங்கே கூட்டி வந்தேனா? நினைவில் இல்லை. வந்திருந்தாலும் நான் நினைவோடு இருந்திருக்க மாட்டேன்.


ஜூலை 13, ஞாயிறு

இரண்டாம் ஓலை. அதே வார்த்தை. இந்த முறை தயாராகத்தான் இருந்தேன். இருந்தும் தடை உண்டா என்றதும் கால் தானாக எழுந்துகொள்ளப் பார்த்தது. தூணைப் பிடித்துக்கொண்டேன். நான் எழுந்தால் அந்தக் கல்யாணம் என்னாகும்?

ஆராதனை முடிந்து எல்லாரும் போகும்வரை நின்றேன். போதகருக்கு என்னைவிடப் பதினைந்து வயது குறைவு இருக்கும். அங்கியைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, அந்த ஓலையில உள்ள ஞானதுரை நான்தான்."

அவருக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. நாற்காலியை இழுத்துப் போட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். கை ஒடித்ததையும்.

"இப்ப தடை சொல்லுதீங்களா அண்ணாச்சி?"

"இல்லய்யா. கல்யாணம் நல்லா நடக்கட்டும். நான் சாகலைன்னு மட்டும்தான் சொல்லுதேன். அதுவும் உங்ககிட்ட மட்டும்."

அவர் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். எழுதிக் கொடுத்ததைத்தான் வாசித்தாராம். ஆனால் கல்யாணப் பதிவேட்டில் பொய் என்று தெரிந்த பிறகு எழுத முடியாதாம். "நான் அவங்ககிட்ட பேசித்தான் ஆகணும். உங்களுக்கு அது கஷ்டமா முடியலாம்."

சொல்லியிருக்கக் கூடாதோ? வீடு வரைக்கும் அதே யோசனை. இப்போதும் ஒரு கல்யாணத்தைக் கெடுக்கிறேனோ. கு.இ. 1134.


ஜூலை 16, புதன்

நல்ல மழை. போதகர் அருவிக்கே வந்துவிட்டார், பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு. காதர் பாய் கடைத் தார்ப்பாயின் கீழ் நின்றோம். பாய் டீ வாங்கி வருவதாகச் சொல்லி நகர்ந்துகொண்டார். நல்ல மனுஷன்.

கிரேஸ் போனை மகளிடம் கொடுத்துவிட்டாளாம். பியூலா சொன்னதைப் போதகர் அப்படியே சொன்னார். நானும் அப்படியே எழுதி வைக்கிறேன்.

"செத்துட்டாருன்னா ஒரே வார்த்தையில முடிஞ்சிரும் ஐயா. உயிரோட இருக்காருன்னா நூறு கேள்வி வரும். எங்களால பதில் சொல்ல முடியல."

கடைசியில் அவளே சொன்னாளாம்.

"காலஞ்சென்றவர்னு உள்ளதை எடுத்துருங்க. ஆல்வின்கிட்ட நானே சொல்லுதேன். ஆனா அவர் கல்யாணத்துக்கு வர வேண்டாம்."

போதகர் என் தோளில் கை வைத்தார். எண்ணெய்த் தோள். "இது உங்க சபை அண்ணாச்சி. வரக்கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் முடிவு பண்ணணும்."

"வர மாட்டேன்யா."

சொல்லிவிட்டேன். சொல்லும்போது சுலபமாக இருந்தது. இப்போது இல்லை. ஆலயத்துக்குள் அவளை யார் கைப்பிடித்துக் கூட்டிப்போவார்கள்? அவள் மாமாவாக இருக்கும்.

பாய் டீ ஆறிவிட்டது. குடித்தேன்.


ஜூலை 17, வியாழன்

தண்ணீர் கூடுதல். வேலை குறைவு. பல் பிடுங்கியாச்சு. பஞ்சைக் கடித்துக்கொண்டே எழுதுகிறேன்.

வேதத்தில் ஓடிப்போன இளைய மகன் கதை. சொத்தையெல்லாம் அழித்து, பன்றி மேய்த்துவிட்டுத் திரும்பி வருகிறவனை அப்பா ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார், மூத்தவன் கோபித்துக்கொண்டு உள்ளே வர மறுக்கிறான். சபைக்கு வந்த இந்த எட்டு மாதமாக அதைப் படிக்கும்போதெல்லாம் என்னை அப்பா இடத்தில் வைத்தே படித்திருக்கிறேன். வாசலில் காத்திருக்கிற அப்பா நான், என்றைக்காவது திரும்பி வரப்போகிறவள் பியூலா என்று.

எவ்வளவு துணிச்சல்! எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போனவன் நான். பன்றிக்கூட்டத்தில் கிடந்தவன் நான். அவள் வீட்டிலேயே இருந்து உழைத்த மூத்த பிள்ளை. கோபித்துக்கொண்டு வெளியே நிற்கிறாள். நிற்க அவளுக்கு நியாயம் இருக்கிறது. கடைசியில் அந்த அண்ணன் உள்ளே வந்தானா இல்லையா என்று கதையில் சொல்லவே இல்லை. இன்றுதான் கவனித்தேன். அப்பா அவனிடமும் வெளியே போய்த்தான் பேசுகிறார்.

செத்துப்போயிருந்தவன் உயிரோடு வந்துவிட்டான் என்று அந்த அப்பா சொல்கிற இடத்தில் நிறுத்திவிட்டேன். மேலே படிக்க முடியவில்லை. வீட்டுக்காரர்கள் யாரும் சொல்லவில்லை. அப்பா மட்டும்தான் சொல்கிறார். அவர் சொன்னால் போதுமா? போதும் என்று எழுத ஆசை. பாதி நேரம் போதும் என்றிருக்கிறது. பாதி நேரம் இல்லை.

கு.இ. 1138. பஞ்சை மாற்றணும்.


ஜூலை 20, ஞாயிறு

மூன்றாம் ஓலை.

பாளையங்கோட்டை, ஞானதுரை, கிரேஸ் ஆகியோரின் மகள் பியூலா.

போதகர் நிறுத்தவில்லை, என் பக்கம் பார்க்கவில்லை. மற்ற பெயர்களைப் போலவே வாசித்துவிட்டுப் போனார். அதுதான் நல்லது. எனக்கு முன் பெஞ்சில் இரண்டு அம்மாக்கள். "பட்டு எங்க எடுத்தாங்களாம்?" "திருநெல்வேலின்னு சொல்லுதாவ."

தடை தெரிந்தவர்கள் உண்டா என்று கேட்டார். எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை ஆண்டவரே என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன்.

முழு ஆராதனையும் அழாமல் இருந்துவிட்டு, வெளியே செருப்பு தேடும்போது அழுதேன். பல் பிடுங்கிய வலி என்று நினைத்திருப்பார்கள்.


ஜூலை 22, செவ்வாய்

லேசான சாரல், அருமையான காற்று. காலை பத்தரை இருக்கும். ஆல்வின் வந்தான். தனியாக. எனக்கு அவனைத் தெரியும், பாடகர் குழுவில் நிற்கிறவன். அவனுக்கு என்னைத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். பலகையில் உட்கார்ந்தான்.

"தலைக்கா, உடம்புக்கா தம்பி?"

"தலைக்குப் போதும்."

கட்டையான முடி. கழுத்து இறுகிக் கிடந்தது. நாளை மறுநாள் கல்யாணம், இறுகாமல் என்ன செய்யும். எண்ணெயைச் சூடு பறக்கத் தேய்த்து உச்சியில் வைத்தேன். கை சும்மா இருக்கவில்லை. இந்தத் தலைக்கு நோய் வேண்டாம், இந்த வாய்க்குக் குடி வேண்டாம், இவனோடு அவள் சிரித்துக்கொண்டிருக்கட்டும். விரலுக்கு ஒன்றாகக் கேட்டுக்கொண்டே தேய்த்தேன்.

"இங்கன எத்தன வருஷமா இருக்கீங்க?"

"ஆறு ஆச்சு."

நெற்றிப்பொட்டு, காது, பிடரி. வழக்கத்தைவிட அதிக நேரம். கடைசியில் என் மணிக்கட்டை மெதுவாகப் பிடித்தான்.

"போதும் மாமா."

இங்கே எல்லாரும் அண்ணே என்பார்கள், அண்ணாச்சி என்பார்கள்.

"பியூலாட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். போன்னும் சொல்லல, போகாதீங்கன்னும் சொல்லல."

"நல்லா இருக்காளா?"

"இருக்கா. கோவம் வந்தா ரெண்டு நாளு பேச மாட்டா."

"அது அவ அம்மா." இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். எனக்குச் சிரிப்பு நிற்காமல் வேறு மாதிரி ஆகிவிட்டது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். பிறகு ஒன்றே ஒன்று சொன்னேன்.

"எவ்வளவு கோவம் வந்தாலும் கைய மட்டும் ஓங்கிராதீங்க."

"மாட்டேன் மாமா."

அருவிக்குப் போய்க் குளித்துவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டே போனான். கல்யாணத்துக்கு வாங்க என்று அவன் சொல்லவில்லை. அவள் வார்த்தையை அவன் மீறவில்லை. அதுவும் எனக்குப் பிடித்தது.


ஜூலை 24, வியாழன்

கு.இ. 1145. ராத்திரி முழுக்க மலையில் மழை. அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. போலீஸ் கயிறு கட்டிவிட்டது. வேலை இல்லை.

பழக்கதோஷத்தில் முகச்சவரம் செய்துவிட்டேன். வெள்ளைச் சட்டையும் கைக்கு வந்தது. எடுத்ததை மடித்து உள்ளே வைத்துவிட்டு, வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அருவிக்கே பஸ் ஏறினேன். ஆலயத்துத் தெரு வழியாகப் போகாத பஸ்ஸாகப் பார்த்து.

பாய்க்கு இப்போது எல்லாம் தெரியும். "நான் வேணா பைக்க எடுத்துட்டுப் போயி, வெளியே நின்னு பாத்துட்டு வந்து சொல்லட்டா?"

"வேண்டாம் பாய். இருக்கட்டும்."

பத்தரைக்குத் தாலி கட்டும் நேரம். தார்ப்பாயின் கீழ் பலகையில் உட்கார்ந்தேன். பாய் கடை ரேடியோவை நிறுத்தினார். நான் கேட்கவில்லை. அருவிச் சத்தம் மட்டும். பியூலா, ஆல்வின், கிரேஸ், மூன்று பேரையும் பெயர் சொல்லிச் சொல்லி ஜெபித்தேன். அவள் என்னை மன்னிக்கணும் என்று கேட்கப்போய், பாதியில் விட்டுவிட்டேன். அது அவளுக்கும் ஆண்டவருக்கும் உள்ளது. எனக்காக ஒன்றே ஒன்று: நீர் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டீர், நான் மறுபடி வெளியே போய்விடாதபடி பார்த்துக்கொள்ளும்.

போன் வரவில்லை. வருமென்று நினைக்கவில்லை, இருந்தும் நாலைந்து முறை எடுத்துப் பார்த்தேன்.

மதியம் பாய் வீட்டுச் சாப்பாடு. மீன் குழம்பு. பாதி நான், பாதி அவர்.

உடம்பெல்லாம் அசதி, பத்து வருஷ அசதியும் இன்றைக்கே வந்து உட்கார்ந்த மாதிரி. ஆனால் காலையிலிருந்து குடி நினைப்பு வரவில்லை. வரவில்லை என்பதையே இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

மூன்றரை. தண்ணீர் இறங்கிவிட்டதாம், கயிற்றை அவிழ்க்கிறார்கள். கூட்டம் ஓடுகிறது. யாரோ ஒருவர் என் பலகைக்கு அந்தப் பக்கம் நின்று சத்தம் போடுகிறார், இங்கன ஆள் இருக்கா, இல்லையா என்று.

இருக்கேன் என்றேன்.