பூபதி செய்த தப்பு

என் அன்பிற்குரியவளுக்கு,

போனில் பேசினால் செழியன் காதில் விழும். அதனால் எழுதி, மாப்பிள்ளை கையில் கொடுத்தனுப்புகிறேன். பேத்தி தூங்கியதும் படி.

போன ஞாயிறு பைக் ரேஸில் குமாரபாளையத்துப் பூபதி வளைவில் விழுந்து இறந்தது உனக்குத் தெரியும். அவனுக்குப் பின்னாலேயே ஓட்டி வந்தவன் நம் மகன் செழியன்தான். அடக்கம் முடிந்து கூட ஓட்டும் பையன்கள் நம் வீட்டுக்கு வந்தார்கள். பேச்செல்லாம் பூபதி என்ன தப்புச் செய்தான் என்பதுதான்.

"பிரேக்க லேட்டாப் புடிச்சிருப்பான்டா."

"டயரு சூடாகறதுக்குள்ள முறுக்கிட்டான்."

எனக்குக் கோபம் வரவில்லை. பரீட்சை முடிவு வரும் நாளில் பிள்ளைகளும் தோற்றவன் எந்தப் பாடத்தை விட்டான் என்றுதான் கேட்பார்கள். அது தெரிந்தால் பயம் கொஞ்சம் குறையும்.

செழியன் மட்டும் தன் ஹெல்மெட் கேமராவில் பதிவானதையே வாரம் முழுக்கப் பார்த்தான். இன்று சோறு போடும்போது கேட்டேன்.

"கண்டுபுடிச்சியா சாமி?"

"இல்லீங்கப்பா. அவன் மேல தப்பே இல்லீங்க. நானா இருந்தாலும் அப்படித்தான் திருப்பியிருப்பேன்."

சொல்லிவிட்டு ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

வருகிற ஞாயிறு அடுத்த ரேஸ். கையுறைகளைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறான். பூபதியிடம் ஒரு தப்பு இருந்திருந்தால், அதை மட்டும் செய்யாதே என்று சொல்லி அனுப்பியிருப்பேன். இப்போது சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

நாளைக்கே பஸ் ஏறி வா. போனில் சொன்னால் "சரிங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். நீ வாசலில் நின்றால் வண்டியை வேனில் ஏற்ற மாட்டான்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
உன் வீட்டுக்காரன்