வெள்ளைக் கோடு

11.3.1965, வியாழன்

மின்சாரத்துக்குத் திறந்துவிட்டால், நம் நீர்த்தேக்கத்தில் ஒரே பகலில் தண்ணீர் இறங்கிவிடும். அதனால் தோணிக்கார மாரியண்ணன், கரையில் நட்ட கம்பைப் பார்த்துத்தான் துடுப்புப் போடுவார். அதிலுள்ள வெள்ளைக் கோடு தெரிந்தால் சுற்றிப் போவார். கோடு முழுகியிருந்தால், அணை கட்டியபோது தண்ணீருக்குள் போன தேயிலைச் செடிகளுக்கு மேலே நேராகப் போவார்.

காலையில் நான் அந்தக் கம்பைக் கல்லால் அடித்து, கோடு முழுகும்வரை இறக்கிவிட்டேன். தினமும் தோணியில் வந்து தோட்டத்தில் எல்லார் வேலையையும் கணக்குப் பண்ணும் கணக்கப்பிள்ளைக்கு ஒருநாள் கணக்குத் தப்பட்டுமே என்றுதான்.

தோணி தேயிலைத் தூரில் மோதிக் கவிழ்ந்தது. இடுப்பளவுத் தண்ணீர்தான். கணக்கப்பிள்ளை குடையோடு எழுந்து நின்றபோது நான் கரையில் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"கண்ணு தெரியாதவனுக்கு எதுக்குய்யா தோணி? இன்னொரு தடவை ஆச்சு, தொரைகிட்ட சொல்லி நிறுத்திப்புடுவேன்!" என்று அவர் கத்தினார்.

மாரியண்ணன் தோணியை நிமிர்த்திக் கரையில் கட்டினார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, எனக்குக் கண்ணு மங்கிப்போச்சுடா. வேலை போனா புள்ளைங்க கதி? நாளையிலருந்து பள்ளிக்கூடம் போறப்ப நீ கோட்டைப் பாத்துச் சொல்றியா?"

"சரிங்கண்ணே" என்றேன்.

கம்பை விடியுமுன் போய் உயர்த்திவிடலாம். அவர் கண் நல்ல கண்தான் என்பது, நான் வாயைத் திறந்தால்தானே அவருக்குத் தெரியும்!