தலை அலசும் காட்சி

ஜெஸ்மி,

ஈஸ்ட் பிரன்ஸ்விக் சமையலறைப் பேரரசின் அவசர அரசாணை: இயக்குநர் அவர்கள் இன்று தன் படத்தைத் திரையிடும் லைப்ரரிக்கு வெறும் வயிற்றோடு போகக் கூடாது. ஃப்ரிட்ஜில் எலுமிச்சை சாதம் இருக்கிறது.

என்னைத் தெரபிக்கு அழைத்துப்போகும் வேன் வாசலில் நிற்கிறது. முடிந்ததும் ப்ரேயர் குரூப் டெய்சி ஆன்ட்டி என்னை நேராகப் படத்துக்கு அழைத்து வருவார்.

நேற்றைய சண்டை பற்றி. கை சொன்னபடி கேட்காத எனக்கு நீ தலை அலசிவிடுவதைப் படத்தில் ஊரே பார்க்க வேண்டுமா என்று கத்தினேன். "அதைக் கட் பண்ணினா இது நம்ம லைஃப் இல்லம்மா, ஜஸ்ட் விளம்பரம்" என்றாய். வீட்டு வேலையால் நீ ப்ரேயர் குரூப்புக்கு வராத சனிக்கிழமைகளுக்கெல்லாம், கல்லூரியில் சேர எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வுக்கு கிளாஸ் என்று சொல்லிவந்தவள் நான். உனக்குப் பதினோரு வயதிலிருந்து சொல்கிறேன், ஒரு ஆன்ட்டிகூடச் சந்தேகப்படவில்லை.

காலையில் உன் லேப்டாப்பில் அந்தக் காட்சியைப் பார்த்தேன். என் தலையில் ஊற்றுவதற்கு முன், சூடு சரியா என்று தண்ணீரை உன் கையில் ஊற்றிப் பார்க்கிறாய். கண்ணை மூடியிருக்கும் எனக்கு இத்தனை வருடம் இது தெரியாது.

படத்தில் என்னைக் காட்டுவதற்கான சம்மதப் படிவம் மேஜையில் இருக்கிறது. கையெழுத்து கோழி கிளறியது போல இருந்தாலும் என்னுடையதுதான். எதையும் வெட்டாதே.

அம்மா

பி.கு.: உன்னைப் போல வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் ஐந்து பிள்ளைகள் எடுத்த படம் என்று ஆன்ட்டிகள் எல்லோரையும் அழைத்துவிட்டேன். முன்வரிசை எங்களுக்கு.

இன்னொன்று: படம் பார்க்க அப்பா டல்லாஸில் விமானம் ஏறிவிட்டார். படம் ஓடும்போது அழுவார், கண்டுகொள்ளாதே.

ஷாம்பூ தீர்ந்துவிட்டது.