மேற்கு எல்லை

9.11.2008, ஞாயிறு

பிற்பகல் லூயிஷாமில் ஒரு மண்டபத்தில் பலஸ்தீனப் படம் காட்டினார்கள். மனைவி சாந்தியுடன் போனேன். படத்தில் ஊரிலிருந்து துரத்தப்பட்ட ஒரு கிழவர், இப்போது பைன் மரங்கள் நிற்கிற இடத்தில் நின்று, தன் காணியின் நான்கு எல்லைகளையும் அயலவர் பெயர்களாலேயே சொன்னார். எங்கள் காணி உறுதிப் பத்திரங்களில் எழுதுவதும் அப்படித்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

திரும்பும் ரயிலில் நானும் எங்கள் சாவகச்சேரிக் காணியின் எல்லைகளைச் சொல்லிக் காட்டினேன். கிழக்கே தம்பிஐயா, வடக்கே தெருவுக்குப் போகும் ஒழுங்கை, தெற்கே பரமேஸ்வரி ரீச்சர். மேற்கின் பெயர் மட்டும் வாய்க்கு வரவில்லை.

"மேற்கு வெறுங்காணி எண்டு நினைக்கிறன்."

சாந்தி ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். "அது காசிம் நானா வீடு. எங்கட கலியாணத்துக்கு உங்களுக்குச் சேட்டுத் தைச்சவர்."



தொண்ணூறாம் ஆண்டு, ஆயுதம் தூக்கிய தமிழ் இயக்கம் முஸ்லிம்கள் எல்லோரையும் ஊரைவிட்டு வெளியேறச் சொன்ன அன்று, காசிம் நானா தன் ஆட்டுடன் வேலியடிக்கு வந்தார். "தம்பி, கொஞ்ச நாளைக்கு இதைப் பாருங்கோ."

"ஓம், கட்டிவிட்டுப் போங்கோ" என்றேன். எங்கே போகிறார் என்றுகூடக் கேட்கவில்லை.

அவர் திரும்பி வரவில்லை. சித்திரை வருசத்துக்கு அந்த ஆட்டை அடித்துப் பங்கு போட்டோம். கிழக்குக்கும் தெற்குக்கும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.