பூங்காவில் கேட்ட "வர்றேன்பா"

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் சௌக்கியம். தமிழ் காதில் விழாத இந்த ஊரில், ஒரு பழைய பூங்காவின் எட்டு வாயில்களையும் சாயங்காலம் ஆறு மணிக்குப் பூட்டுவதுதான் இப்போது என் வேலை.

ஒரு வேடிக்கை சொல்கிறேன், பயந்துவிடாதே. திங்கட்கிழமை விசில் ஊதிவிட்டு, பழக்க தோஷத்தில், "உள்ளே யாராச்சும் இருக்கீங்களா?" என்று நம் பாஷையில் கத்திவிட்டேன். குளத்துக்கு அப்பாலிருந்து, "வர்றேன்பா" என்று பதில் வந்தது. நம் ஆள் ஒருவர் சொல்லிக்கொண்டு கிளம்புகிறார் என்று சந்தோஷமாகப் பூட்டினேன்.

மறுநாள் நான் கூப்பிடவே இல்லை. ஆனாலும் அதே குரல், குளத்துக்கு இந்தப் பக்கம் கேட்டது. நேற்று நான் கடைசியாகப் பூட்டும் வாயிலுக்குப் பத்தடியில் கேட்டது. ஆளைத்தான் காணோம்.

"போறேன்னு சொல்லாதடா, வர்றேன்னு சொல்லு" என்று நீ அதட்டி வளர்த்த பிள்ளை இல்லையா, அதனால் தப்பாகப் புரிந்துகொண்டேன். அவர் கிளம்பவில்லை அம்மா, வந்துகொண்டிருக்கிறார்.

கனமான ஸ்வெட்டர் ஒன்று அனுப்பு. இந்தக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து ஆறு மணிக்குப் போன் செய்து, நான் பூட்டி முடிக்கும்வரை பேசிக்கொண்டே இரு. பக்கத்து வீட்டுச் சண்டையானாலும் சரி.

மணி ஆறாகப் போகிறது. எப்போதும் "வர்றேன்" என்றுதான் முடிப்பேன். இன்று அந்த வார்த்தையை எழுதக் கை வரவில்லை.

போறேன் அம்மா.