மூன்றாவது தட்டு

என் செல்ல வாலுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், லேத்தும் சௌக்கியம். நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டிருக்கிறோம். போன தடவை வந்தபோது, அப்பா உங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியல, ஆபரேஷன் பண்ணிக்கோங்க என்று நீ சொன்னதற்கு இரண்டு பேரும் உன்மேல் பாய்ந்தோமே, அந்தக் கதையின் மிச்சம்தான் இது. நீ போன பிறகும் நான் வெளிச்சம் போதவில்லை என்பேன், அவள் ஆமாம், பல்பு சரியில்லை என்பாள். பல்பை மாற்றினோம். புரை என்று சொன்ன டாக்டருக்கு ஒன்றும் தெரியாது என்பேன், அதற்கும் ஆமாம். இவ்வளவு ஒற்றுமை கல்யாணமான புதிதில்கூட இருந்ததில்லை.

பின்னறையில் இப்போது சொந்தமாக சர்பேஸ் பிளேட் செய்கிறேன், அதாவது மற்ற சாமானையெல்லாம் வைத்து மட்டம் சரிபார்க்கிற இரும்புத் தட்டு, அதற்கென்று மூன்று வார்ப்புத் தட்டு வாங்கினேன். ஒன்றில் நீல மை தடவி இன்னொன்றைத் தேய்த்தால் மேடான இடத்தில் மட்டும் மை ஒட்டும், அதைச் சுரண்டிவிட்டு மறுபடி தேய்க்க வேண்டும். சுரண்டியும் பழைய அரத்தைத் தீட்டி நானே செய்ததுதான். ஜன்னல் வெயில் மேசைக்கு வந்து போகும்வரை நான் சுரண்டுவேன், அம்மா மை தடவுவாள், பேச்சே கிடையாது, தூறல் மாதிரி ஒரு சத்தம், விரலெல்லாம் நீலம், எந்த வயதில் இருக்கிறோம் என்றே மறந்துபோகும். அந்த மயக்கத்தில் மூன்றாவது தட்டையும் மறந்துவிட்டோம், அது கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு கிடந்தது. எனக்கு மை பனிமூட்டமாகத்தான் தெரிந்தது, எல்லா இடமும் ஒட்டியிருக்குங்க என்று அம்மா சொன்னாள், தூக்கினால் இரண்டும் ஒட்டிக்கொண்டே வந்தன. நேற்று மூன்றாவதை எடுத்துத் தேய்த்தால், ஒன்றில் நடுவில் மட்டும் மை, மற்றதில் ஓரத்தில் மட்டும். ஒன்று மேடு, ஒன்று குழி. ஒன்றுக்கொன்று கச்சிதம், இரண்டுமே தப்பு. இரண்டு ஒத்துப்போனால் போதாது, மூன்றாவதும் ஒத்துக்கொள்ள வேண்டும், இதற்காகவே மூன்று தட்டு வாங்கினவன் நான்.

அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பொண்ணு சொன்னதக் கேட்டிருக்கணுங்க என்றாள். உன்னிடம் சொல்வதற்கென்ன கண்ணு, எனக்குப் பயம், விஷயம் அவ்வளவுதான். இருக்கிற பார்வையும் போய்விட்டால் என்ன செய்வேன் என்று பயம். அது தெரிந்துதான் அவள் எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டிருக்கிறாள்.

இன்று போய் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டோம், அடுத்த மாதம் முதல் திங்கள். முந்தின நாளே வந்துவிடு. தட்டுகளுக்கு எண்ணெய் பூசித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன், பிறகு மூன்று பேருமாக முதலிலிருந்து தேய்ப்போம். வழியில் கண்டதைச் சாப்பிடாதே. நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடி முடியட்டும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. மறக்காமல் ஒன்று, கண் கட்டு அவிழ்க்கும்போது எனக்கு நேர் எதிரே நில். முதலில் உன் முகத்தைத்தான் பார்ப்பேன். அம்மாவிடம் சொல்லிவிடாதே, அவளிடமும் இதையேதான் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
இன்னும் துருப்பிடிக்காத உன் அப்பா